பஞ்சாங்கம் பார்த்தவருக்குப் பட்டுப்புடவை விளம்பரம் வருவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர்கள் நாலு பேர் கூடினால், அது கோயில் மண்டபமோ கல்யாண வீடோ, போனைப் பற்றிப் பேச்சு எழும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “வீட்டில சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். தேடக்கூட இல்ல. மறுநாளே அந்த விளம்பரம் வந்து நிக்குது. போன் ஒட்டுக் கேக்குது!”

உண்மையிலேயே ஒட்டுக் கேட்கிறதா என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திறந்து பேச்சை ரகசியமாக வெளியே அனுப்பிய ஆப் ஒன்றுகூட அகப்படவில்லை. (திரையைப் படம்பிடித்து அனுப்பிய ஆப் அகப்பட்டது. அது வேறு கதை.) யோசித்துப் பார்த்தால் ஒட்டுக் கேட்பது நஷ்டமான தொழில். நாள் முழுக்க ஒலியை அனுப்பினால் டேட்டா கரையும், பேட்டரி சூடாகும், நாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதையெல்லாம் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு வார்த்தை கேட்காமலே நம்மைப் பற்றி அதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. மலிவானது, பெரும்பாலும் நம் கண்ணில் படாதது. நாம் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். பக்கத்தைத் திறந்து பார்த்தாலே போதும்.

ஒரு உதாரணத்தோடு போவோம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், நாள் பார்க்க வேண்டும். சென்னையில் அச்சடித்த காலண்டரில் இருக்கும் ராகு காலத்தை அப்படியே இங்கே வைத்துக்கொள்ள முடியாது. அது சூரிய உதயத்தை வைத்துப் போடும் கணக்கு. டர்பனில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜூனில் ஏழு மணியை நெருங்கும். அதனால் ஊரின் பெயரைக் கேட்டுக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு பஞ்சாங்கத் தளத்தை இரவு பதினொரு மணிக்குத் திறக்கிறார். “உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?” என்று தளம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். இடம் தெரியாமல் உதயம் எப்படித் தெரியும்? சரி என்று அழுத்திவிடுகிறார்.

அவர் சரி என்று சொன்னது அந்த ஒரு கேள்விக்கு மட்டும். ஆனால் அந்தக் கேள்வி திரையில் தோன்றுவதற்கு முன்பே பல விஷயங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. முதலில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண். அது இல்லாமல் பக்கத்தையே அனுப்ப முடியாது. அதை வைத்து நாடு, மாகாணம், எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டு ஃபைபர் இணைப்பு என்றால் அந்த ஒரு வீட்டையே சுட்டும் அடையாளமாக அது ஆகிவிடும். மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியைப் பல பேர் பங்கிட்டுக்கொள்வதால் அவ்வளவு துல்லியம் வராது. அப்புறம் பிரவுசரின் பெயர், பதிப்பு, போனின் வகை, திரை அளவு, நேர மண்டலம், மொழிப் பட்டியல். எந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார் என்பதும் பல சமயம் கூடவே போகும்.

பக்கம் திறந்த பிறகு அடுத்த கட்டம். பக்கத்தோடு இறங்கிய சிறு நிரல்கள் அவர் செய்வதைக் குறித்துக்கொள்கின்றன. எவ்வளவு தூரம் கீழே ஸ்க்ரோல் செய்தார், எந்த இடத்தில் விரல் நின்றது, ‘முகூர்த்த நாட்கள்’ பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார், ‘இன்றைய ராசிபலன்’ பக்கத்தை எத்தனை விநாடியில் தாண்டினார். அக்காவின் கணக்கில் அவர் தேதி பார்த்தார், அவ்வளவுதான். தளத்தின் கணக்கில் ஒரு முழுப் பதிவே உண்டாகிவிட்டது.

இதுவரை எல்லாம் அந்த ஒரு தளத்துக்குள்ளேயே நடப்பவை. ஒரு கடைக்காரர் தன் கடைக்குள் வருபவரைக் கவனிப்பதில் பெரிய தப்பு இல்லை என்றுகூட வாதாடலாம். விவகாரம் அடுத்ததில்தான் இருக்கிறது.

நாம் ‘ஒரு பக்கம்’ என்று நினைப்பது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பஞ்சாங்கம் அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து வரும். பக்கவாட்டு விளம்பரம் ஒரு விளம்பர நிறுவனத்திடமிருந்து, வருகையாளர் கணக்கு இன்னொரு நிறுவனத்திடமிருந்து, ‘பகிர்’ பொத்தான் ஒரு சமூக ஊடகத்திடமிருந்து, சில சமயம் எழுத்துருகூட வேறொருவரிடமிருந்து. இவை ஒவ்வொன்றையும் கொண்டுவர அக்காவின் போன் அந்தந்த நிறுவனத்தின் கதவைத் தனித்தனியாகத் தட்டுகிறது. தட்டும்போதே ஐபி முகவரியும் போன் வகையும் அங்கெல்லாம் போகின்றன. சில பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவுப் படம் இருக்கும். அதற்கு ‘பிக்சல்’ என்று பெயர். அது அங்கே இருப்பதே இந்தத் தட்டலுக்காகத்தான்.

இங்கே குக்கி வருகிறது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. இணையத்துக்கு அப்போது ஞாபகசக்தியே கிடையாது. கடைத் தளத்தில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், யார் போட்டது என்று தளத்துக்குத் தெரியாது. அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு பிரவுசரிலும் ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்து, அடுத்த முறை வரும்போது அதைத் திருப்பிக் காட்டச் சொல்லும் ஏற்பாடு அது. நல்ல காரியத்துக்குத்தான் பிறந்தது. ஆனால் விளம்பர நிறுவனமும் அதே மாதிரி ஒரு குறிப்பை எழுதி வைக்க முடியுமே! பஞ்சாங்கப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் வந்தபோது அக்காவின் பிரவுசருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். மறுநாள் அவர் புடவைக் கடையின் தளத்தைத் திறந்தால் அங்கேயும் அதே நிறுவனம். பிரவுசர் அதே எண்ணைக் காட்டும். அடுத்து கல்யாண மண்டபம், அப்புறம் சமையல்காரர், அப்புறம் வங்கியின் கடன் பக்கம். புடவைக் கடைக்கும் வங்கிக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நடுவில் இருக்கிறவருக்கு எல்லாம் தெரியும்.

நாலைந்து நாளில் அந்த எண்ணுக்கு நேராக என்ன சேர்ந்திருக்கும் என்று எழுதிப் பார்க்கலாம். டர்பன் வட்டாரம். நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன், மூன்று வருஷப் பழசு. மொழி ஆங்கிலம், அடுத்து தமிழ். பெரும்பாலும் இரவு பத்துக்கு மேல். முகூர்த்த நாள் பார்த்தார். காஞ்சிபுரம் பட்டு பார்த்தார், விலையைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கிப் பார்த்தார். ஐந்நூறு பேர் அமரும் மண்டபம் தேடினார். தனிநபர் கடன் வட்டிக் கணக்குப் பக்கத்தில் ஏழு நிமிடம். இதெல்லாம் பார்த்தது, அதாவது நிஜமாக நடந்தது.

அதற்குக் கீழே இன்னொரு பகுதி இருக்கும்: பெண். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயது. இந்து. வீட்டில் ஆறு மாதத்துக்குள் கல்யாணம். கையிருப்பு போதாது. இது எதையும் அக்கா எங்கேயும் சொல்லவில்லை. இதெல்லாம் ஊகம். இதே மாதிரிப் பக்கங்களைப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் யார் எதை வாங்கினார்கள் என்ற கணக்கை வைத்து, ‘இவரும் அப்படித்தான் இருப்பார்’ என்று இயந்திரம் போட்ட ஊகம். ப்ரொஃபைல் என்றால் நம்மைப் பற்றிய உண்மைகளின் தொகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அதில் கனமான பகுதி இந்த ஊகம்தான். விற்பனைக்குப் போவதும் அதுதான்.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு. மைக்கேல் கொசின்ஸ்கியும் இன்னும் இருவரும் 2013-இல் வெளியிட்டது. சுமார் 58,000 பேர் தாங்களாக முன்வந்து கொடுத்த ஃபேஸ்புக் ‘லைக்’ பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களின் மதம், அரசியல் சார்பு, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணிசமான துல்லியத்தோடு கணித்தார்கள். சுருள் வடிவ உருளைக்கிழங்கு வறுவலை லைக் செய்வது அறிவுக்கூர்மையோடு சேர்ந்து வந்தது. வறுவலுக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் விளங்காது. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் இயந்திரத்துக்கு அதுவே போதும். எதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள் என்று நம்மால் முன்கூட்டியே சொல்ல முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். “நான் அப்படியொன்றும் ரகசியமாகத் தேடவில்லையே” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படி ஊகித்தபின் நம்மைக் கூறுகளாகப் பிரித்துப் பெயர் ஒட்டுவார்கள். ‘தி மார்க்கப்’ என்ற அமெரிக்கச் செய்தித் தளம் 2023-இல் ஒரு விளம்பரச் சந்தையின் கோப்பைக் கண்டெடுத்து ஆராய்ந்தது. அதில் இருந்த பிரிவுகள் 6,50,000. கர்ப்பப் பரிசோதனைக் கருவியை அதிகம் வாங்குபவர்கள், மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடியவர்கள் என்றெல்லாம்கூடப் பெயர்கள். விளம்பரம் கொடுப்பவர் கடையில் சாமான் பொறுக்குவது போல இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

பிறகு ஏலம். அக்கா ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறார். எழுத்து வந்துவிட்டது, நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில், ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள், ஏலமே நடந்து முடிகிறது. “இப்படி ஒரு ஆள், இந்த ஊர், இந்தப் போன், இந்தப் பக்கம், இன்னின்ன ஆர்வம். என்ன விலை?” என்று ஒரு குறிப்பு பல நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் போகிறது. அதிகம் கேட்டவரின் புடவை அந்தக் கட்டத்தில் வந்து உட்காருகிறது. ஏலத்தில் தோற்றவர்கள் கையிலும் அந்தக் குறிப்பு இருக்கிறதே, அது என்ன ஆகும்? வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தங்களில் எழுதியிருக்கலாம். வைத்துக்கொண்டார்களா என்று பார்க்க அக்காவால் முடியாது, அந்தச் செய்தித் தளத்தாலும் முடியாது. இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

சரி, குக்கியை அழித்துவிட்டால்?

அழிக்கலாம், கொஞ்சம் பலனும் உண்டு. சஃபாரி 2020-இலிருந்து பிற தளங்களின் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இலிருந்தே தளத்துக்குத் தளம் நம்மைத் தொடர்ந்து வரும், தெரிந்த பின்தொடரிகளின் குக்கிகளைத் தானாகவே தடுத்துவருகிறது. குரோமில் இவற்றை எடுத்துவிடப்போவதாக கூகுள் 2020-இல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கிவிட்டது. உலகிலேயே பெரிய விளம்பர நிறுவனம் தயாரிக்கும் பிரவுசர் அது என்பதை இங்கே நினைவில் வைத்தால் ஆச்சரியம் வராது.

ஆனால் எண்ணை எடுத்துவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடியும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, கரும்புத் தோட்டம் முதலான வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். அப்புறம் ஒரு பத்தியில் உடல் அடையாளம்: எங்கே தழும்பு, எங்கே மச்சம். தோட்டத்தைவிட்டு ஓடிப்போனவர் தன் எண்ணை மறைக்கலாம், பெயரை மாற்றிச் சொல்லலாம், நெற்றித் தழும்பை என்ன செய்வார்? குக்கி அந்த எண். பிரவுசருக்கும் இப்படித் தழும்புகள் உண்டு: திரை அளவு, நேர மண்டலம், மொழிகள், பதிப்பு, போட்டிருக்கும் எழுத்துருக்கள், படம் வரையச் சொன்னால் அந்தக் கருவி வரையும் விதத்தில் உள்ள நுணுக்கமான வித்தியாசம். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதை பிரவுசர் கைரேகை என்கிறார்கள்.

எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-இல் ஏறத்தாழ 4,70,000 பிரவுசர்களைச் சோதித்ததில், 83.6 சதவீதத்துக்கு வேறு எதனோடும் ஒத்துப்போகாத தனிக் கைரேகை இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் கணினி விவரம் அறிந்தவர்கள், அவர்கள் பிரவுசர்களும் சற்று விசேஷமானவை என்பதால் அந்த எண் கூடுதலாகவே இருந்திருக்கும். 2018-இல் பிரான்சில் பொதுவான ஒரு தளத்துக்கு வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளைப் பார்த்தபோது 33.6 சதவீதம்தான் தனித்து நின்றன. போன்களில் இன்னும் குறைவு. ஒரே மாடல் போன் லட்சம் பேரிடம் இருக்கிறது அல்லவா, அதனால்.

இங்கேதான் நம்மைப் போன்ற சிறுபான்மைக்கு ஒரு விசேஷச் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் 6.2 கோடி. இத்தனை பேரில் ஒருவரைப் பிரித்தெடுக்க எத்தனை ஆம்-இல்லைக் கேள்வி வேண்டும்? ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைச் சரிபாதியாக்கும் என்றால் 26 கேள்வி போதும். இரண்டை 26 தடவை பெருக்கினால் 6.7 கோடிக்கு மேல் வந்துவிடும். இப்போது அக்காவின் போனைப் பாருங்கள். கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறார், அதனால் போனின் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழையும் சேர்த்திருக்கிறார். மதுரையில் ஒருவர் இதைச் செய்தால் எதுவும் தெரியாது, ஊரே அப்படித்தான் வைத்திருக்கும். நேர மண்டலம் ஜோகன்னஸ்பர்க், மொழியில் தமிழ் என்ற இரண்டும் சேரும் இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்திய, ஆசிய வம்சாவளியினர் இங்கே மொத்தமே சுமார் 17 லட்சம். அவர்கள் வரை வருவதற்கு ஐந்து கேள்விகள் செலவாகும். அவர்களிலும் பெரும்பாலானோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள், போனில் தமிழ் வைத்திருப்பவர் அரிது. ஒரே ஒரு விவரத்தில் ஐந்து கேள்வியல்ல, அதற்கு மேலும் மிச்சமாகிவிடுகிறது. போன் மாடலும் பேட்டையும் சேர்ந்தால் பாக்கி வேலையும் முடிந்தது. அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு தமிழின் பெயரைச் சொல்லி அதை வளர்த்து மதிக்க வேண்டும் என்கிறது. அதற்காகப் போனில் தமிழ் வைத்திருப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் வசதி பெரிய கூட்டத்தாருக்கு இருக்கும் அளவு நமக்கு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஒட்டுக் கேட்கும் போனுக்கு இப்போது வரலாம். “தேடக்கூட இல்ல” என்றார்களே, தேடியது யார்? அக்கா தேடவில்லை, மகள் தேடியிருப்பாள். இரண்டு போனும் ஒரே வைஃபையில், ஒரே ஐபி முகவரியில், இரவில் ஒரே கூரைக்குக் கீழே. இவையெல்லாம் ஒரே வீடு என்று விளம்பர நிறுவனங்கள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. மகள் ஒரு பொருளைப் பார்த்தால் அப்பாவுக்கு அந்த விளம்பரம் வரலாம். டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து சித்தி வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதே வைஃபையில் தன் போனைப் பார்த்துவிட்டுப் போனாலும் இந்தக் குழப்பம் வரும். போதாததற்கு நம் மனசும் ஒரு வேலை செய்கிறது: ஒரு நாளில் கண்ணைத் தாண்டிப் போகும் நூற்றுக்கணக்கான விளம்பரங்களில், பேச்சோடு ஒத்துப்போன ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பதிவுப் படிவத்தில் மின்னஞ்சலைத் தட்டச்சு செய்கிறோம், பாதியில் மனசு மாறி ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தாமல் மூடிவிடுகிறோம். அனுப்பவில்லை என்றுதான் நினைப்போம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் 2022-இல் ஒரு லட்சம் பிரபலத் தளங்களைச் சோதித்தார்கள். அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களில், ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களில், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தட்டச்சு செய்த மின்னஞ்சல் பின்தொடரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மின்னஞ்சல் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், குக்கி போனோடு போய்விடும், மின்னஞ்சலை நாம் வருஷக்கணக்கில் மாற்றுவதில்லை. அதை அப்படியே வைக்காமல் ஒரு நீண்ட குறியீடாக மாற்றி வைப்பார்கள். ஒரே மின்னஞ்சலுக்கு எங்கே மாற்றினாலும் ஒரே குறியீடுதான் வரும். கடையிடம் இருக்கும் குறியீடும் சமூக ஊடகத்திடம் இருக்கும் குறியீடும் பொருந்தினால், ஆள் ஒருவரே என்று இரு தரப்புக்கும் தெரிந்துவிடும். சூப்பர் மார்க்கெட் லாயல்டி அட்டைக்குக் கொடுத்த செல் நம்பரும் இதே வேலையைச் செய்யும். கவுண்டரில் வாங்கிய பருப்பும் புளியும் இணையத்தில் பார்த்த புடவையோடு சேர்வது அப்படித்தான்.

ஊகம் தப்பினால் என்ன ஆகும்? அம்மாவுக்காகச் சர்க்கரை நோய் மாத்திரையைத் தேடிய பிள்ளை, சர்க்கரை நோயாளி என்ற பிரிவில் விழுவார். சொந்தத்தில் ஒரு சாவு, அந்திமக் காரியத்துக்குச் செலவு என்ன என்று தேடினால், ஃபியூனரல் பாலிசி விளம்பரம் மாதக்கணக்கில் துரத்தும். இந்த நாட்டில் அந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். தப்பான விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டுத் தாண்டலாம். அதே ஊகம் கடன் வட்டியிலோ காப்பீட்டுப் பிரீமியத்திலோ கைவைத்தால் சிரிக்க முடியாது. எந்த ஊகத்தால் விலை ஏறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாம் திருத்தவும் முடியாது. அக்கா விஷயத்தில் ‘கையிருப்பு போதாது’ என்று போட்டார்களே, அவர் மலிவான பட்டைத் தேடியது ஒருவேளை தன் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் நாடகத்துக்காக இருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் செலவு யாருடையது என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். பின்தொடரும் நிரல்கள் இறங்குவது நாம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில். 2016-இல் டேட்டா விலை குறைய வேண்டும் என்று இங்கே பெரிய இயக்கமே நடந்தது. 2019-இல் போட்டி ஆணையமும் விலை கூடுதல்தான் என்று அறிக்கை கொடுத்தது. ப்ரீபெய்டில் ஒரு ஜிபி வாங்கி வாரக் கடைசி வரை இழுக்கிறவர், தன்னைக் கண்காணிக்கும் கூலியையும் தானே கொடுக்கிறார்.

சட்டம் இருக்கிறதா என்றால், நல்ல சட்டமே இருக்கிறது. எல்லோரும் போப்பி ஆக்ட் என்று சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறியது, முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன, நிறுவனங்கள் தயாராக ஒரு வருஷ அவகாசம் கொடுத்தார்கள். ‘பெயர் இல்லை, வெறும் எண்தான்’ என்ற வாதம் இங்கே எளிதில் செல்லாது. தனிநபர் தகவல் என்பதற்கான விளக்கத்திலேயே இணைய அடையாளமும் இருப்பிடமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மத நம்பிக்கை, இனம், உடல்நலம் ஆகியவை சிறப்புத் தகவல்கள். சம்மதம் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் அவற்றைக் கையாளத் தடை. பஞ்சாங்கம் பார்த்தவரை ‘இந்து’ என்று குறித்து வைப்பது இந்த வகையில் வருமா என்று கேட்டால், வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 69-ஆவது பிரிவின்படி, வாடிக்கையாளர் அல்லாதவருக்கு மின்வழி விளம்பரம் அனுப்பச் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தையும் ஒரு தடவைதான் கேட்கலாம். 71-ஆவது பிரிவு, இயந்திரம் போட்ட ப்ரொஃபைலை மட்டும் வைத்து நம்மைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை எடுக்கக் கூடாது என்கிறது; கடன் தகுதியை அதில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை. எழுத்தில் எல்லாம் சரி. விளம்பர ஏலம் நடத்துகிறவர் கடல் கடந்து இருக்கும்போது யார் போய்ப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

நம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு, நிறைய இல்லை. பிரவுசரின் ‘இன்காக்னிடோ’ என்ற தனிப்பார்வை வசதியை நம்ப வேண்டாம். அது நம் போனில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், வீட்டில் இருப்பவர்களிடமிருந்து மறைக்கும், எதிர்முனையில் ஐபி முகவரியும் தழும்புகளும் அப்படியே தெரியும். ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போட்டால் பின்தொடரிகளில் பெரும்பகுதி கதவைத் தட்டவே முடியாது, டேட்டாவும் மிச்சம். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் விளம்பர ஐடியை, அதாவது விளம்பரத்துக்காகப் போனுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை, நீக்கலாம். ஐபோனில் 2021 முதல் ஆப்கள் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லுங்கள். இருப்பிடம் கேட்கும்போது ‘தோராயமாக’ என்ற தேர்வு இருக்கும். சாட்ஸ்வொர்த்துக்கும் உம்லாங்காவுக்கும் ராகு காலம் ஒன்றுதான், தெரு வரை காட்ட வேண்டியதில்லை. இன்னும் நல்லது, ஊர்ப் பெயரைக் கையால் தட்டச்சு செய்வது.

கூகுள் கணக்கு உள்ளவர்கள் ‘மை ஆட் சென்டர்’ பக்கத்தை ஒருதரம் திறந்து பாருங்கள். திருமண நிலை, வீட்டு வருமானம், படிப்பு, சொந்த வீடா வாடகை வீடா என்று அவர்கள் போட்ட ஊகங்கள் அங்கே இருக்கும். பாதி தப்பாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. அங்கேயே அணைத்தும் வைக்கலாம். அணைத்தால் விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்துவது நிற்கும். சேகரிப்பு முழுவதும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையும் போப்பி சட்டத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. வைத்திருக்கிறார்களா இல்லையா என்பதைக் காசு வாங்காமல் சொல்லியாக வேண்டும்; விவரத்தின் நகலுக்குக் கட்டணம் கேட்கலாம். ஆனால் நாம்தான் அந்த ஆள் என்பதற்கு முதலில் அடையாளச் சான்று காட்ட வேண்டும். பெயர் தெரியாத விளம்பர நிறுவனத்திடம் போய், இதுவரை எண்ணாக மட்டும் இருந்த ப்ரொஃபைலில் நம் பெயரையும் ஐடி நம்பரையும் நாமே சேர்த்துக் கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அதனால் ஏற்கெனவே நம் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவர்களிடம் தொடங்குவது மேல்: லாயல்டி அட்டை கொடுத்த சூப்பர் மார்க்கெட், காப்பீட்டு நிறுவனம், வங்கி. அவர்களின் தளத்தில் தகவல் அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். “என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள்?” என்று இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் சட்டத்தில் உண்டு. பலர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு நிறுத்தப் பார்ப்பார்கள். மறுபடி கேளுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும், ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார் கொடுக்கலாம்.